ரூமில் படித்த க்யூஆர் வாசலில் ஏன் படிக்கவில்லை?

கல்லூரி சிம்போசியம் ஒன்றின் நுழைவாயில், காலை ஒன்பது மணி. மேசைமேல் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்று, அதில் செருகிய சாதாரண யூஎஸ்பி வெப்கேம், பக்கத்தில் ஒரு பழைய மானிட்டர். வருகிறவர் போனிலோ பிரிண்ட் எடுத்த தாளிலோ இருக்கும் க்யூஆரைக் காட்ட வேண்டும். 'பீப்' என்று சத்தம் வந்தால் உள்ளே போகலாம். முந்தின நாள் ராத்திரி விடுதி அறையில் காட்டிய போதெல்லாம் படித்தது. வாசலில் பாதிப் பேருக்குக்கூட பீப் வரவில்லை. வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. நிரலை எழுதிய தம்பி வியர்த்துப்போய் நின்றான். "நேத்து ரூம்ல நல்லா ஓடுச்சுண்ணா!"

உதவிக்கு என்று போயிருந்த நான் கொடுத்த முதல் யோசனையே தப்பு. "லைப்ரரியை மாத்திப் பாரு" என்றேன். லைப்ரரி என்றால் பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பு. படங்களை அலசும் ஓப்பன்சிவி லைப்ரரியோடு வருகிற க்யூஆர் டிடெக்டரை எடுத்துவிட்டு, இசட்பார் லைப்ரரியின் பைத்தான் வடிவமான பைஇசட்பாரைப் போட்டோம். கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான். கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பெயர் எழுதித்தான் எல்லோரையும் உள்ளே விட்டார்கள்.

அன்றைக்கு நாங்கள் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்று. பத்து மணிக்கு மேல், நிரலில் இரண்டு வரி சேர்த்து, கேமரா அனுப்பியதில் படிக்க முடியாத ஒவ்வொரு ஃபிரேமையும் படமாகச் சேமிக்க வைத்தோம். சாயங்காலம் அந்தப் படங்களைத் திறந்து பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. பல படங்களில் என் கண்ணுக்கே க்யூஆர் தெரியவில்லை. மனிதர்கள் கையில் வைத்திருந்த க்யூஆரைத்தான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம், கேமரா பார்த்ததை யாரும் பார்க்கவில்லை. இந்த வகைக் கோளாறுகளில் பெரும்பாலானவை லைப்ரரிக்குள் நுழைவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன என்பதுதான் என் வாதம். அதை விளக்க, லைப்ரரி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்று மூலைச் சதுரங்கள்

க்யூஆர் ஜப்பானில் 1994-இல் பிறந்தது. டொயோட்டா குழுமத்துக்கு உதிரிபாகம் செய்யும் டென்சோ நிறுவனத்தில், மசாஹிரோ ஹாரா தலைமையிலான சிறிய குழு அதை உருவாக்கியது. பார்கோடு கொஞ்சம் எழுத்துகளைத்தான் தாங்கும். ஒரு பெட்டிக்குப் பல பார்கோடு ஒட்டி, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து தொழிலாளர்கள் சலித்துப்போயிருந்தார்கள். கோ என்ற பலகை விளையாட்டில் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்கள் பரவிக் கிடப்பதைப் பார்த்து ஹாராவுக்கு யோசனை வந்ததாகச் சொல்வார்கள். தகவலைக் கட்டங்களில் நிரப்புவது அதன்பின் பெரிய கஷ்டமில்லை. ஒரு காகிதத்தில் ஆயிரம் அச்சு விஷயங்களுக்கு நடுவே 'இதுதான் க்யூஆர்' என்று இயந்திரம் சட்டென்று கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் கஷ்டம். துண்டுப் பிரசுரம், பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று கண்ணில் பட்ட அச்சையெல்லாம் எடுத்து, அவற்றில் கறுப்பும் வெள்ளையும் எந்த விகிதத்தில் மாறிமாறி வருகின்றன என்று அலசி, மிக அரிதாக வரும் விகிதத்தை அந்தக் குழு தேர்ந்தெடுத்தது: 1:1:3:1:1. மூன்று மூலைகளிலும் இருக்கும் அந்தச் சதுரத்தை எந்தத் திசையில் குறுக்கே வெட்டினாலும் இதே விகிதம்தான் கிடைக்கும். கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு மூன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று.

பெரும்பாலான லைப்ரரிகள் இன்றைக்கும் இந்த வேலையைத்தான் முதலில் செய்கின்றன. வண்ணப் படத்தைச் சாம்பல் நிறமாக்கி, ஒவ்வொரு பிக்சலையும் கறுப்பு அல்லது வெள்ளை என்று முடிவு கட்டி, வரிவரியாக ஓடி அந்த 1:1:3:1:1 விகிதத்தைத் தேடும். மூன்று மூலையும் கிடைத்தால் கோணலை நிமிர்த்தி, கட்டங்களைப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் கறுப்பா வெள்ளையா என்று பார்க்கும். அப்புறம்தான் பிழைதிருத்தம், எழுத்தாக மாற்றுவது எல்லாம்.

ஆக, 'படிக்கவில்லை' என்ற ஒரே புகாருக்குள் இரண்டு மூன்று வேறு வேறு நோய்கள் ஒளிந்திருக்கலாம். மூலைச் சதுரமே கிடைக்காமல் போவது ஒன்று. மூலை கிடைத்தும் உள்ளே உள்ள கட்டங்கள் தப்பாகப் போய்ப் பிழைதிருத்தம் கைவிடுவது இன்னொன்று. எல்லாம் சரியாகப் படித்தும் எழுத்து உருக்குலைந்து வருவது மூன்றாவது. ஜாவாவில் எழுதப்பட்ட இசட்எக்ஸ்இங் லைப்ரரி தோல்விகளைப் பிரித்துத் தனித்தனி எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) வீசும்: இடமே கிடைக்காவிட்டால் நாட்ஃபவுண்ட், பிழைதிருத்தம் கைவிட்டால் செக்சம், உள்ளே இருப்பது க்யூஆர் விதிக்குப் பொருந்தாவிட்டால் ஃபார்மட். நம் ஆட்கள் மூன்றையும் ஒரே கேட்ச்சில் பிடித்து, 'தோல்வி' என்று ஒரு வரி அச்சிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஓப்பன்சிவியிலும் இதற்கு ஒரு வழி உண்டு. எழுத்து காலியாக வந்து, கூடவே நான்கு மூலைப் புள்ளிகள் வந்தால், இடத்தைக் கண்டுபிடித்தது, படிக்கத்தான் முடியவில்லை என்று அர்த்தம். புள்ளிகளே வரவில்லை என்றால் கண்ணிலேயே படவில்லை. இந்த ஒரு தகவலை லாகில் எழுதினாலே பாதித் துப்பு கிடைத்துவிடும்.

சரி, எங்கள் படக் குவியலுக்கு வருவோம்.

கட்டம் பெரிதா, சிறிதா?

முதலில் கண்ணை உறுத்தியது க்யூஆரின் பொடித்தனம். தம்பி ஒவ்வொருவருக்கும் அனுப்பிய பாஸில் பெயர், கல்லூரி, துறை, போன் நம்பர், கலந்துகொள்ளும் நிகழ்ச்சி எல்லாவற்றையும் ஜேசான் என்ற எழுத்து வடிவத்தில் கட்டி உள்ளே திணித்திருந்தான். சுமார் 150 பைட். போதாததற்கு, 'சேஃபா இருக்கட்டும்' என்று பிழைதிருத்தத்தை அதிகபட்சத்துக்கு வைத்திருந்தான்.

பிழைதிருத்தத்தில் எல், எம், க்யூ, எச் என்று நான்கு படி உண்டு. சுமாராக 7, 15, 25, 30 சதவீதம் சேதமானாலும் மீட்டுவிடலாம் என்பது கணக்கு. எச் என்றால் எல்லாவற்றையும் விடப் பத்திரம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தக் கூடுதல் பத்திரம் இலவசமாக வருவதில்லை, இடத்தை விலையாகக் கேட்கும். க்யூஆரின் அளவுகளைப் பதிப்பு என்பார்கள், எண் கூடக்கூடக் கட்டங்களும் கூடும். 150 பைட்டை எல் அளவில் வைத்தால் 7-ஆம் பதிப்பு போதும், பக்கத்துக்கு 45 கட்டம். எம் என்றால் 8-ஆம் பதிப்பு, 49 கட்டம். எச் என்றால் 12-ஆம் பதிப்புக்குத் தாவ வேண்டும், பக்கத்துக்கு 65 கட்டம். தாளில் க்யூஆரின் அகலம் அதே 3 சென்டிமீட்டர்தான். அதனால் ஒரு கட்டம் 0.67 மில்லிமீட்டரிலிருந்து 0.46 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. கறை பட்டால் காப்பாற்றும் என்று போட்ட கவசம், கறையே இல்லாத தாளையும் கேமராவுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டது.

தெரியாமல் போனதற்குக் கணக்கு இதுதான். ஓப்பன்சிவியில் வெப்கேமைத் திறந்தால், நாம் எதுவும் கேட்காதவரை பெரும்பாலும் 640-க்கு 480 அளவுப் படம்தான் வரும். கையில் பிடித்துக் காட்டும்போது க்யூஆர் அதில் கால்வாசி அகலம், அதாவது 160 பிக்சல் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 65 கட்டத்துக்குப் பங்கிட்டால் கட்டத்துக்கு இரண்டரை பிக்சல்கூடத் தேறாது. காகிதக் கணக்கில் இரண்டு பிக்சல் போதும். நிஜத்தில் கொஞ்சம் மங்கல், கொஞ்சம் சாய்வு, ஜேபெக் சுருக்கத்தின் அழுக்கு எல்லாம் சேர்ந்த பிறகு மூன்று நான்கு பிக்சலாவது இல்லாமல் நம்பி இறங்கக்கூடாது. ஆதார் கடிதத்தில் இருக்கும் பெரிய க்யூஆரை ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொள்கிற மாணவர்கள் முட்டிக்கொள்வதும் இங்கேதான். படம், முகவரி, டிஜிட்டல் கையொப்பம் எல்லாம் சுருக்கி அடைத்த க்யூஆர் அது, கட்டங்கள் கடுகுபோல இருக்கும். க்யூஆரின் உச்சமான 40-ஆம் பதிப்பில் பக்கத்துக்கு 177 கட்டம், ஓர வெள்ளையோடு 185. 480 பிக்சல் உயரத்தை முழுக்க அடைத்துக்கொண்டாலும் கட்டத்துக்கு மூன்று பிக்சல் வராது. இதற்கு எந்த லைப்ரரியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதில் தமிழ் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு தனிப் பள்ளம் இருக்கிறது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'தமிழ்ச்செல்வி' என்ற பெயர் நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடுக்கு, கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணி 13 குறிகள், ஆக 39 பைட். அதோடும் நிற்கவில்லை. பைத்தானின் ஜேசான் மாட்யூல், வேண்டாம் என்று சொல்லாதவரை, ஆங்கிலம் அல்லாத ஒவ்வொரு குறியையும் ஆறு ஆஸ்கி எழுத்தாக விரித்து எழுதும். அதே பெயர் இப்போது 78 பைட். தம்பியின் பட்டியலில் தமிழில் பெயர் கொடுத்தவர்களின் பாஸ் குறிப்பாகப் படிக்காமல் போனதற்குக் காரணம் தமிழ் இல்லை, இந்த வீக்கம்தான். ஒரு செட்டிங்கை மாற்றினால் பாதியாகக் குறைந்திருக்கும்.

அதைவிட நல்ல வழி, பெயரையே உள்ளே வைக்காமல் இருப்பது. அடுத்த முறை 12 எழுத்தில் ஒரு அடையாள எண்ணை மட்டும் வைத்தோம். எல்லாமே பெரிய ஆங்கில எழுத்து, இலக்கம், நடுவில் சிறு கோடு. க்யூஆருக்கு இந்த வகை எழுத்துகளுக்கென்று தனி முறை உண்டு. 45 குறிகள் கொண்ட அதன் பட்டியலில் சின்ன ஆங்கில எழுத்து கிடையாது. ஒரே ஒரு சின்ன எழுத்து வந்தாலும் அதற்குப் பைட் முறைக்கு மாற வேண்டியிருக்கும், இடம் கூடும். பெரிய எழுத்திலேயே நின்றதால் 12 எழுத்தும் க்யூ அளவுப் பிழைதிருத்தத்தோடு முதல் பதிப்பிலேயே அடங்கிவிட்டன, 21-க்கு 21 கட்டம். அதே 3 சென்டிமீட்டரில் கட்டம் 1.4 மில்லிமீட்டர். அதே 160 பிக்சலில் கட்டத்துக்கு ஏழு பிக்சலுக்கு மேல். பெயரும் மற்றதும் ராஸ்பெரி பையிலேயே ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்பில் இருந்தன, வாசலில் நெட் இல்லாவிட்டாலும் கவலையில்லை. யாருடைய போன் நம்பரும் ஒரு தாளில் தெருவெல்லாம் சுற்றாது என்பது உபரி லாபம்.

பிழைதிருத்தம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 30 சதவீதம் என்றதும் க்யூஆரின் எந்த 30 சதவீதத்தை வேண்டுமானாலும் மறைக்கலாம் என்று நினைத்து, நடுவில் கல்லூரி லோகோவைப் பெரிதாகப் பதிப்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு தகவல் கட்டங்களுக்கு மட்டும்தான். ரீட்-சாலமன் என்ற அந்தக் கணித முறை மூலைச் சதுரத்தைக் காப்பாற்றாது. மூலையில் விரல் பட்டாலே தேடல் நின்றுவிடும். முதல் பதிப்பில் மொத்தம் 26 பைட், எல் அளவில் அதில் 2 பைட் வரை கெட்டால்தான் திருத்த முடியும், எச் அளவில் 8 வரை. லோகோ அந்த எட்டில் ஆறைத் தின்றுவிட்டால் மங்கலுக்கும் பளபளப்புக்கும் மிச்சம் இரண்டுதான்.

வெளிச்சமும் கையும்

இரண்டாவது குவியல் மங்கலான படங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இதில் இரண்டு வகை. எல்லாப் பக்கமும் சமமாக மங்கியிருந்தால் ஃபோகஸ் பிரச்சினை. ஒரே திசையில் இழுத்துவிட்டதுபோல இருந்தால் கை அசைந்திருக்கிறது.

மலிவு வெப்கேம்கள் பெரும்பாலும் நிலையான ஃபோகஸ் கொண்டவை. வீடியோ காலில் முகம் இருக்கும் தூரத்துக்கு, அதாவது முழ தூரத்துக்கும் மேலாக, தொழிற்சாலையிலேயே அமைத்துவிடுவார்கள். ராஸ்பெரி பையின் முதல் இரண்டு கேமராக்களும் இப்படித்தான், 2023-இல் வந்த மூன்றாவதில்தான் ஆட்டோஃபோகஸ் வந்தது. ஆனால் பீப் வராதபோது மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? போனை இன்னும் பக்கத்தில் கொண்டுபோகிறார்கள். இன்னும் வரவில்லையா, இன்னும் பக்கத்தில். எங்கள் படங்களில் ஒருவர் போனைக் கிட்டத்தட்ட லென்ஸில் ஒட்டியே வைத்திருந்தார். படம் முழுக்க க்யூஆர்தான், ஆனால் ஊறவைத்த அப்பளம்போல. பல வெப்கேம்களில் லென்ஸின் வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் தூரத்தைக் குறைக்கலாம். சிலவற்றில் ஒரு துளி பசை வைத்திருப்பார்கள், அதைக் கீறிவிட்டுத் திருப்ப வேண்டும். ராஸ்பெரி பையின் இரண்டாம் கேமராவோடு இதற்கென்றே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வளையம் கொடுப்பார்கள். அது என்னவென்று தெரியாமல் குப்பையில் போட்ட கூட்டத்தில் நானும் ஒருவன்.

கை அசைவுக்கும் ஒரு சின்னக் கணக்கு போதும். வெளிச்சம் குறைந்தால் கேமரா தானாகவே எக்ஸ்போஷர் நேரத்தை, அதாவது ஒளியை வாங்கும் நேரத்தைக் கூட்டும். வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கிறது, கை வினாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் வருகிறது என்றால், படம் பதிவாகும் நேரத்துக்குள் க்யூஆர் 6.7 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு கட்டமே 0.46 மில்லிமீட்டர் என்றால் 14 கட்டங்கள் ஒன்றோடொன்று குழைந்துவிட்டன என்று பொருள். ஐந்நூறில் ஒரு பங்காகக் குறைத்தால் நகர்வு 0.4 மில்லிமீட்டர்தான். ஆனால் அவ்வளவு குறைந்த நேரத்தில் படம் தெரிய நல்ல வெளிச்சம் வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த மாதிரி ப்ராஜெக்டில் காசுக்கு ஏற்ற பலன் தருவது ஒரு எல்இடி பட்டைதான். லைப்ரரி மாற்றம், ஏஐ மாடல் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

வாசலில் நடந்தது இதற்கு நேர்மாறான கூத்து. வருகிறவரின் முதுகுக்குப் பின்னால் காலை வெயிலில் வெளுத்த வானம். தானியங்கி எக்ஸ்போஷர் அந்த வானத்தைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கிவிட்டது. அவர் கையில் இருந்த தாள் வெறும் நிழல். ராத்திரி விடுதி அறையில் வானம் இல்லை, அதனால்தான் பிரச்சினையும் இல்லை. மங்கிய ஹாலில் போன் திரையைக் காட்டினால் இதுவே தலைகீழாகும். சுற்றியுள்ள இருட்டைப் பார்த்துக் கேமரா படத்தை வெளிச்சமாக்க, திரையின் வெள்ளை பொங்கி வழிந்து கறுப்புக் கட்டங்களை விழுங்கிவிடும். கண்ணுக்கு அருமையாகத் தெரியும் திரை, ஃபிரேமில் ஒரு வெள்ளைப் பலகை.

எக்ஸ்போஷரை நாமே நிலைநிறுத்தலாம். ஆனால் ஓப்பன்சிவி வழியாகச் செய்யும்போது, தானியங்கியை அணைக்கக் கொடுக்க வேண்டிய எண்ணே இயங்குதளத்துக்கும் டிரைவருக்கும் ஏற்ப மாறும். லினக்ஸ் என்றால் கேமரா அமைப்புகளுக்கான வி4எல்2 கருவியில் நேரடியாக அமைப்பது மேல். அகலம், உயரம் கேட்பதிலும் இப்படி ஒரு பொறி உண்டு. 1280 கேட்டால் கேமரா தன்னால் முடிந்ததைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும், மறுப்பு எதுவும் சொல்லாது. கேட்ட பிறகு என்ன கிடைத்தது என்று திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். 1280-க்கு 720 கிடைத்தும் படம் இழுத்து இழுத்து வந்தால், கேமரா சுருக்காத படம் அனுப்புகிறது என்று சந்தேகப்படலாம். பிக்சலுக்கு இரண்டு பைட், வினாடிக்கு 30 படம் என்றால் 5.5 கோடி பைட். யூஎஸ்பி 2-இன் காகித வரம்பே 6 கோடிதான். ஒவ்வொரு படத்தையும் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் முறைக்கு மாறினால் மூச்சு வரும்.

ஓர வெள்ளை

மூன்றாவது குவியல்தான் எனக்குப் பிடித்தது. படம் தெளிவு, வெளிச்சம் சரி, கட்டம் பெரிது, ஆனாலும் படிக்கவில்லை. எல்லாமே போன் திரைகள், எல்லாவற்றிலும் பின்னணி கறுப்பு.

க்யூஆரைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை ஓரம் இருக்க வேண்டும் என்பது ஐஎஸ்ஓ 18004 தரத்தின் விதி. பலர் அதை அலங்காரம் என்று நினைத்து வெட்டிவிடுவார்கள். பைத்தானின் க்யூஆர்கோடு லைப்ரரி தானாகவே நான்கு கட்ட ஓரம் வைக்கும். இடம் மிச்சம் பிடிக்க அதைப் பூஜ்யமாக்கிய நிரல்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். தம்பி ஓரத்தை வெட்டவில்லை. ஆனால் வெள்ளைக்குப் பதில் ஒளிபுகும் பின்னணியோடு பிஎன்ஜி படம் உண்டாக்கியிருந்தான். பகல் நிறத் திரையில் வெள்ளையாகத் தெரியும். டார்க் மோட் போட்ட போனில், கறுப்புக் கட்டங்கள் கறுப்புப் பின்னணியில் மறைந்துவிடும். கருஞ்சாம்பல் பின்னணியாக இருந்தால் கண் எப்படியோ பிரித்துப் பார்த்துவிடும், நிரலால் முடியாது. மூலைச் சதுரத்தின் வெளிக் கறுப்பு பின்னணியோடு ஒட்டிப்போனால் அந்த 1:1:3:1:1 விகிதத்துக்குத் தொடக்கமும் முடிவும் ஏது?

கறுப்பும் வெள்ளையும் முழுக்க இடம் மாறிய க்யூஆர்களும் இதே குவியலில் இருந்தன. இவற்றை ஜாவாஸ்கிரிப்டின் ஜேஎஸ்க்யூஆர் தானாகவே இரண்டு விதமாகவும் முயன்று பார்க்கும். சில லைப்ரரிகளிடம் கேட்டால்தான் செய்யும். ஒன்றும் செய்யாதவற்றுக்கு, படத்தை நாமே தலைகீழ் நிறமாக்கி இரண்டாம் முறை கொடுத்தால் முடிந்தது.

உண்டாக்கும் இடத்தில் செய்யும் இன்னொரு தப்பு, அளவை மாற்றுவது. மூன்றாம் பதிப்பு 29 கட்டம், ஓரத்தோடு 37. அதை 200 பிக்சல் சதுரத்தில் அடைத்தால் கட்டத்துக்கு 5.4 பிக்சல். சில கட்டம் 5, சில கட்டம் 6, விளிம்பெல்லாம் சாம்பல். 222 பிக்சல் கொடுத்திருந்தால் சரியாக ஆறாறு. பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டரில் இது இன்னும் உறைக்கும், மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளிதான் அதன் திறமை. லேமினேஷன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ட்யூப்லைட்டின் பிம்பம் க்யூஆருக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடாக விழுந்த படங்கள் மூன்று நான்கு இருந்தன. தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னால் போதும்.

இனி லைப்ரரி

இத்தனையும் கழித்த பிறகு மிஞ்சிய படங்கள் கொஞ்சம்தான். அவற்றுக்குத்தான் லைப்ரரி பற்றிய கேள்வி பொருந்தும்.

தம்பியின் நிரலில் டிடெக்டருக்கு முன்னால் ஒரு நீண்ட சடங்கு இருந்தது. காஸியன் மங்கல், ஒரே எல்லை வைத்துக் கறுப்பு வெள்ளையாக வெட்டுவது, அப்புறம் ஓட்டை அடைக்கும் மார்ஃபாலஜி. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. எதற்கு என்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை. அத்தனையையும் நீக்கிவிட்டு ஃபிரேமைச் சாம்பல் நிறத்தில் அப்படியே கொடுத்தபோது முன்பைவிட அதிகமாகப் படித்தது. காரணம் எளிது. நல்ல லைப்ரரிகள் கறுப்பு வெள்ளை முடிவைத் தாங்களே எடுக்கின்றன. இசட்எக்ஸ்இங்கின் ஹைப்ரிட் பைனரைசர் படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, அந்தந்த இடத்து வெளிச்சத்துக்கு ஏற்ப எல்லையை மாற்றும். பாதித் தாளில் நிழல், பாதியில் வெயில் என்றால் இதுதான் கை கொடுக்கும். நாம் முன்கூட்டியே ஒரே எல்லையால் வெட்டிவிட்டால் நிழல் பக்கம் மொத்தமும் கறுப்பு. அதற்கு மேல் எந்தப் புத்திசாலித்தனமும் அதை மீட்காது. விதிவிலக்கு, திரையைக் கேமராவில் எடுக்கும்போது வரும் அலை அலையான கோடுகள். அதற்கு மட்டும் லேசான மங்கல் உதவும், தூரத்தைக் கொஞ்சம் மாற்றினாலும் போய்விடும்.

லைப்ரரி ஒப்பீட்டில் என் அனுபவம்: ஓப்பன்சிவியோடு வரும் அடிப்படை டிடெக்டர் சாய்வுக்கும் மங்கலுக்கும் சீக்கிரம் கை விரிக்கும். இசட்பார் வேகம், ஆனால் வயதானது. இசட்எக்ஸ்இங்கின் சி++ வடிவம் இப்போதைக்கு என் முதல் தேர்வு. ஓப்பன்சிவியின் கூடுதல் தொகுப்பில் உள்ள வீசாட் டிடெக்டர், நியூரல் வலையால் இடத்தைக் கண்டுபிடித்துச் சின்ன க்யூஆரைப் பெரிதாக்கிப் படிக்கும். தூரத்தில் இருப்பவற்றுக்கு நல்லது, ராஸ்பெரி பைக்குக் கொஞ்சம் பாரம். இதை அப்படியே நம்பத் தேவையில்லை. சேமித்த படங்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, ஒவ்வொரு லைப்ரரியையும் அதன்மேல் ஓடவிட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் எது உதவியது என்று தெரியும். நாங்கள் வாசலில் பதற்றத்தில் மூன்றை ஒன்றாக மாற்றி, எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் விழித்தோம்.

படித்தும் படிக்காததுபோல நடந்த கதை ஒன்று பாக்கி. சிலருக்கு மானிட்டரில் 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று சிவப்பில் வந்தது. ஒரு பெண் கோபித்துக்கொண்டு, "அண்ணா, நான் இப்பதான் ஊர்லருந்து வரேன், எனக்கு முன்னாடி யார் வந்தது?" என்றார். யாரும் வரவில்லை. முதல் ஃபிரேம் அவருடைய பாஸைப் படித்து உள்ளே அனுமதித்தது. ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்குள் அடுத்த ஃபிரேம் அதே பாஸைப் படித்து, போலி என்று விரட்டியது. பச்சை வந்தது யார் கண்ணிலும் படவில்லை. ஒரே எண் மூன்று வினாடிக்குள் மறுபடி வந்தால் கண்டுகொள்ளாதே என்ற ஒரு வரியில் தீர்ந்தது. பீப் தாமதமாகி அடுத்தவர் காட்டும்போது முந்தினவருக்கு ஒலித்ததும் இதன் தம்பி முறைதான். ஒரு படத்தைப் படிக்க எடுக்கும் நேரத்தில் கேமரா இன்னும் பல படங்களை வரிசையில் குவித்துவிடும், நிரல் பழைய படத்தையே மென்றுகொண்டிருக்கும். கேமராவைத் தனி த்ரெட்டில், அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் தனி இழையில் ஓடவிட்டு, கடைசிப் படத்தை மட்டும் எடுக்க வேண்டும்.

எழுத்து உருக்குலைவது எங்களுக்கு வரவில்லை, ஆனால் தமிழை உள்ளே வைப்பவர்களுக்கு வரும். பைட் முறையில் இருப்பது எந்தக் குறியாக்கம் என்று க்யூஆரில் குறிப்பிடாவிட்டால், படிக்கும் லைப்ரரி ஊகிக்கும். இசட்பாரின் ஊகம் சில சமயம் ஜப்பானிய, சீனக் குறியாக்கங்களின் பக்கம் போய், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் சீன எழுத்துகள் வந்து நிற்கும். கையில் பிடிக்கும் யூஎஸ்பி ஸ்கேனர் வாங்கினால் வேறு கதை. அது கணினிக்கு ஒரு கீபோர்டாகத்தான் தெரியும். கேப்ஸ் லாக் தப்பித்தவறி விழுந்திருந்தால், பல ஸ்கேனர்களில் பெரிய எழுத்தெல்லாம் சின்ன எழுத்தாகி டேட்டாபேஸில் எதுவும் பொருந்தாது. அரைநாள் தேடிய பிறகு கீபோர்டில் அந்தக் குட்டி விளக்கு எரிவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

அடுத்த வருஷம் அதே வாசல். இந்த முறை கேமரா வருகிறவர்களைப் பார்க்கவில்லை. செருப்புக் கடை அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, மேலே ஓட்டை போட்டு, அதில் ஒரு கண்ணாடித் துண்டு. உள்ளே அடியில் வெப்கேம், சுவரோரம் எல்இடி பட்டை, லென்ஸ் வளையம் அந்தத் தூரத்துக்குத் திருப்பியது. போனையோ தாளையோ கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். வானமும் இல்லை, ஆடும் கையும் இல்லை, தூரமும் மாறாது. லைப்ரரி பழைய பைஇசட்பார்தான், மாற்ற நேரமில்லை. ஒரு பையனின் போன் திரை சிலந்தி வலைபோல உடைந்திருந்தது, அது மட்டும் எப்படி வைத்தும் படிக்கவில்லை. க்யூஆருக்குக் கீழே அந்த 12 எழுத்தையும் பெரிதாக அச்சிட்டிருந்தோம். வாசலில் உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் படித்து கீபோர்டில் தட்டினார். பீப் வந்தது.